நீருக்கடியில் கம்பியில்லாப் பேச்சு: ஒலி உரக்கக் கேட்டும் சொல் ஏன் பிரிவதில்லை?

நெடுமூச்சு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நால்வர் கொண்ட முக்குளிப்புக் குழு. முழுமுக மாஸ்க்கில் பொருத்திய கம்பியில்லாப் பேச்சுக் கருவிகளை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். 32.768 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையில் (குரலைச் சுமந்து செல்லும் ஒலி அலை), மேல் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் (ஊர்தி அலைக்கு மேலுள்ள ஒரே பட்டையில் மட்டும் குரலை ஏற்றி அனுப்புவது), அரை வாட் திறனில் அவை இயங்குகின்றன. திறந்த கடலில் 200 மீட்டர் தள்ளியிருந்தவருடன் தடையின்றிப் பேசியிருக்கிறோம்.

சென்ற மாதம் ஓர் அணைத் தேக்கத்தில் கான்கிரீட் சுவரைப் பார்வையிடச் சென்றபோது இரண்டு சிக்கல்கள் வந்தன. சுவரை ஒட்டி 6 மீட்டர் ஆழத்தில், வெறும் 30 மீட்டர் இடைவெளியில் இருந்த இருவரால் ஒருவர் பேசுவதை மற்றவர் புரிந்துகொள்ள முடியவில்லை. ஒலி குறையவே இல்லை, உரக்கத்தான் கேட்டது. ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று குழைந்து, பெரிய மண்டபத்துக்குள் பலர் ஒரே நேரத்தில் பேசுவதுபோல இருந்தது. இரண்டாவதாக, படகிலிருந்து 130 மீட்டர் தள்ளி 18 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியவரின் குரல், இறங்கும் வழியிலேயே சட்டென மங்கிப்போனது. அவர் 8 மீட்டருக்கு மேலே வந்ததும் மீண்டும் தெளிவாகக் கேட்டது.

5 வாட் திறனுள்ள கருவிகளை வாங்கினால் இவை தீரும் என்று குழுவில் இருவர் கருதுகின்றனர். செலவு சிறியதல்ல என்பதால், அனுபவம் உள்ளவர்களின் கருத்தைக் கேட்ட பிறகே முடிவெடுக்க விரும்புகிறேன்.

அலைமுகம்

நீங்கள் கூறிய இரண்டும் வெவ்வேறு நோய்கள்; இரண்டுக்கும் வாட் மருந்தாகாது. முதல் சிக்கலை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இருவரும் 6 மீட்டர் ஆழத்தில், 30 மீட்டர் இடைவெளியில் இருக்கிறீர்கள். ஒலி நேராக 30 மீட்டர் பயணம் செய்து வந்து சேர்கிறது. அதே ஒலி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பியும் வருகிறது. அடியிலிருந்து வரும் ஒலிக்கு நீரின் மேற்பரப்பு ஏறத்தாழ முழுமையான கண்ணாடி. காற்றுக்குள் போவது மிகச் சொற்பம். அந்தச் சுற்றுவழியின் நீளம் 32.3 மீட்டர். நன்னீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,490 மீட்டர் செல்கிறது என்று கொண்டால், இரண்டாவது வரவு சுமார் 1.5 மில்லிவினாடி தாமதமாகிறது. இவ்வளவு குறுகிய தாமதத்தை நம் காது தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்காது. ஆனால் இரண்டும் சேரும்போது, குரலின் அலைவரிசையில் ஏறத்தாழ 650 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாகப் பள்ளங்கள், அதாவது ஒலி மங்கிப்போகும் இடங்கள், விழுகின்றன. இத்தகைய கருவிகள் கடத்துவதே ஏறத்தாழ 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டையைத்தான். அதற்குள் நான்கு பள்ளங்கள் விழுந்தால், ஒரு மெய்யெழுத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் நுண்ணிய அடையாளங்கள் அழிந்துவிடுகின்றன. மேலும், 32.768 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் வெறும் 4.5 சென்டிமீட்டர். இரண்டு வழிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 2.3 சென்டிமீட்டர் மாறினாலே, வலுவூட்டிக்கொண்டிருந்தது ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கிவிடும். மிதக்கும் மனிதரால் அவ்வளவு அசையாமல் இருக்க முடியாது. மேலே சிற்றலையும் ஓடிக்கொண்டிருக்கும். எனவே பள்ளங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். குரல் தளதளவென்று கேட்கும்.

இது மேற்பரப்பு ஒன்றின் கணக்கு மட்டுமே. உங்கள் பக்கத்தில் கான்கிரீட் சுவர் இருக்கிறது, அடித்தரை இருக்கிறது, எதிர்க்கரையும் இருக்கக்கூடும். 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுவர்கள் இருந்தால், ஒலி ஒருமுறை போய்வர 80 மில்லிவினாடி ஆகும். அதாவது ஓர் அசையின் வால் அடுத்த அசையின் தலையில் வந்து விழுகிறது. நீங்கள் சொன்ன மண்டபம் அதுதான்.

இப்போது அரை வாட்டை 5 வாட்டாக உயர்த்துகிறீர்கள். நேரடி ஒலி 10 டெசிபெல் கூடும். எதிரொலிகள் ஒவ்வொன்றும் அதே 10 டெசிபெல் கூடும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் இம்மியும் மாறாது. பெரிய மண்டபத்தில் புரியாத பேச்சை ஒலிபெருக்கியைக் கூட்டிவைத்துப் புரியவைக்க முயல்வது போன்றது அது.

உவர்நீர்

கடலில் நன்றாக வேலை செய்தது நன்னீரில் செய்யவில்லை என்பதில் ஒரு கூடுதல் காரணமும் இருக்கிறது. கடல்நீரில் கரைந்துள்ள மெக்னீசியம் சல்பேட் இந்த அதிர்வெண்களில் ஒலியை உறிஞ்சுகிறது. 30 கிலோஹெர்ட்ஸில், நீரின் வெப்பநிலையைப் பொறுத்து, கிலோமீட்டருக்கு 5 முதல் 8 டெசிபெல் வரை இழப்பு ஏற்படும். நன்னீரில் அதே இழப்பு 0.2 டெசிபெல் அளவுதான். திறந்த நீரில் தொலைவை எட்ட நன்னீர் உதவுகிறது என்று சொல்லலாம். ஆனால் சுவர் சூழ்ந்த இடத்தில் எதிரொலி விரைவில் சாகாமல் சுற்றிச் சுற்றி வருவதற்கும் அதே தன்மை துணைபோகிறது.

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். மணிக்கட்டில் கட்டும் உங்கள் முக்குளிப்புக் கைக்கணினியில் அன்றைய வெப்பநிலைப் பதிவு இருந்தால் பாருங்கள். 8 மீட்டருக்குக் கீழே நீர் திடீரெனக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நன்னீரில் ஒலியின் வேகம் 25 பாகை செல்சியஸில் வினாடிக்கு 1,497 மீட்டர். 20 பாகையில் 1,482 மீட்டர். வேறுபாடு ஒரு விழுக்காடுதான். ஆனாலும், ஒலி எப்போதும் வேகம் குறைந்த பக்கம் வளையும் இயல்புடையது. கீழே குளிர்நீரில் இருப்பவரின் குரல் மேலுள்ள வெதுநீருக்குள் நுழைய வேண்டுமானால், அது போதிய சாய்வில் அந்த எல்லையை அடைய வேண்டும். மேற்கண்ட இரண்டு வேகங்களுக்கும் அந்த வரம்பு கிடைத்தளத்திலிருந்து ஏறத்தாழ 8 பாகைக் கோணம் வருகிறது. அதைவிடச் சாய்வு குறைந்து வரும் ஒலி முழுவதும் கீழேயே திருப்பப்படும். 130 மீட்டர் தள்ளி, 18 மீட்டர் ஆழத்தில் இருப்பவரிடமிருந்து, 2 மீட்டர் ஆழத்தில் தொங்கும் படகுக் கருவிக்கு நேர்க்கோடு போட்டால் அதன் சாய்வு 7 பாகைதான். எனவே அந்த நேர்வழி அடைபடுகிறது. சற்றுச் செங்குத்தாகப் புறப்பட்ட ஒலி மட்டும் எல்லையைக் கடந்து, அங்கே ஏறத்தாழ கிடையாக வளைந்து, விரிந்து மெலிந்து படகுக்கு வந்துசேரும். முற்றிலும் ஒலியற்ற நிழல் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் இரைச்சலுக்கு மேலே தலைதூக்க முடியாத அளவுக்கு மெலிந்துவிடும்.

ஆகவே படகிலிருந்து இறக்கும் டிரான்ஸ்டியூசர் (நீருக்குள் ஒலியை அனுப்பவும் வாங்கவும் செய்யும் பகுதி) எந்த ஆழத்தில் தொங்குகிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.

நெடுமூச்சு

மிக்க நன்றி. நீங்கள் ஊகித்தபடியே அது 2 மீட்டர் ஆழத்தில்தான் தொங்கியது. கம்பி சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அதற்குமேல் இறக்குவதில்லை என்பது எங்கள் வழக்கம். கைக்கணினிப் பதிவில் 9 மீட்டரில் வெப்பநிலை சரேலென இறங்கியிருக்கிறது.

புதுத்துடுப்பு

இந்தத் துறைக்கு நான் புதியவன். அடிப்படைக் கேள்வி ஒன்று: ஒலியில் இவ்வளவு தொல்லை இருந்தால், வானொலி அலையையே பயன்படுத்தக் கூடாதா?

அலைமுகம்

நியாயமான கேள்வி. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும்; அதனால் மின்காந்த அலையை விழுங்கிவிடும். 10 கிலோஹெர்ட்ஸ் போன்ற மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில்கூட, ஒவ்வொரு 2.5 மீட்டருக்கும் அலையின் வீச்சு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். வைஃபை, புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தச் சுருக்கம் ஒரு சென்டிமீட்டருக்குள்ளேயே நடந்துவிடுகிறது. நீலப்பச்சை ஒளியைக் கொண்டு தகவல் அனுப்பும் கருவிகளும் உள்ளன; தெளிந்த நீரில் அவை பயன்படும், ஆனால் கலங்கல் வந்தால் ஒளி சிதறிவிடும். நடுவே தன் உடலே குறுக்கே வந்தாலும் தொடர்பு அறுந்துபோகும்.

ஒலி அப்படியல்ல. 1826இல் ஜெனீவா ஏரியில் கொலாடோனும் ஸ்டர்மும், நீருக்குள் அடித்த மணியின் ஓசையை 13 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் கேட்டு, அதன் வேகத்தை வினாடிக்கு 1,435 மீட்டர் என அளந்தார்கள். அன்று நீரின் வெப்பநிலை 8 பாகை. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கென உருவான நீரடித் தொலைபேசியும் குரலை ஒற்றைப் பக்கப்பட்டையில் ஏற்றி ஒலியாகவே அனுப்பியது. அதன் ஊர்தி அதிர்வெண் 8.0875 கிலோஹெர்ட்ஸ். முக்குளிப்பாளர்களுக்கான கருவிகள் அதைவிட உயர்ந்த 30 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு வந்ததற்கு முதன்மையான காரணங்கள், தலையில் சுமக்கக்கூடிய சிறிய டிரான்ஸ்டியூசர் தேவைப்பட்டதும், கப்பல் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களிலேயே மிகுதி என்பதும் ஆகும். 32,768 என்ற எண்ணை நீங்கள் வேறோர் இடத்திலும் சந்தித்திருப்பீர்கள்: கைக்கடிகாரத்தின் குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு அத்தனை முறைதான் அதிர்கிறது, அதை 15 முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும்.

குமிழி

நீரில் நடப்பதை நண்பர்கள் அருமையாக விளக்கிவிட்டார்கள். ஆனால் பேச்சு நீரை அடையும் முன்பே பாதி கெட்டுவிடுகிறது என்பதை, பல ஆண்டுகள் நீருக்கடியில் வேலை செய்தவன் என்ற முறையில் வலியுறுத்த விரும்புகிறேன்.

வாயில் கடிக்கும் பிடி வைத்த ரெகுலேட்டரோடு (சிலிண்டரிலிருந்து மூச்சுக்காற்றைத் தரும் கருவி) பேசினால் உதடுகள் சேராது. உதடு சேராமல் ப, ம இரண்டையும் ஒலிக்க முடியாது. வ கூடத் தேய்ந்துவிடும். முழுமுக மாஸ்க் அந்தக் குறையைப் போக்குகிறது. ஆனால் வாய்க்கு முன்னுள்ள அறை சிறியதாக இருந்தால் குரல் மூக்கடைத்ததுபோல ஒலிக்கும். ஆழம் கூடக்கூட மூச்சுக்காற்றின் அடர்த்தி கூடுவதால் அந்த மூக்கொலி இன்னும் மிகும். மைக்ரோஃபோன் உதட்டிலிருந்து ஒரு விரல் அகலத்தில் இருக்க வேண்டும். அதன் முகப்பில் ஒரு துளி நீர் நின்றாலும் குரல் சளி பிடித்ததுபோல மாறும். மாஸ்க்கைக் குனிந்து வடிகட்டினால் உடனே தெளியும். குரல் கேட்டதும் தானாகத் திறக்கும் முறையை நான் விரும்புவதில்லை. மூச்சிழுக்கும் சீறலுக்கும் அது திறந்துகொள்ளும். பொத்தானை அழுத்திப் பேசும் முறையே நல்லது. ஆனால் அழுத்தியிருக்கும் வரை உங்களுக்கு எதுவும் கேட்காது என்பதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

அடுத்து, டிரான்ஸ்டியூசர் பொருத்தப்படும் இடம். முக்குளிப்பு உடையின் நியோப்ரீன் ரப்பருக்குள் எண்ணற்ற நுண்ணிய வாயு அறைகள் உள்ளன. ஒலிக்கு அது மதில்போல. ஹூட்டின் (தலையுறையின்) மடிப்பு டிரான்ஸ்டியூசரை மூடினாலோ, சிலிண்டரும் மிதவைச் சட்டையும் நடுவே வந்தாலோ குரல் அமுங்கும். கேட்கவில்லை என்றால் முதலில் உடலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

சொற்களைத் தேர்வதும் கருவியைத் தேர்வது போன்றதே. எங்கள் பணியொன்றில், சுமை தொங்கிய கயிற்றைப் பிடித்திருந்த என்னிடம் தோழர் "விடு" என்றார்; எனக்கு "எடு" என்று கேட்டது. நான் இழுத்தேன். சுமை ஊசலாடி என் தோளுக்கு ஒரு சாண் தள்ளிச் சென்றது. இரண்டு சொற்களுக்கும் ஈறு ஒன்றே. முதலெழுத்தின் மெய்யை நீர் தின்றுவிட்டால் மிச்சமிருப்பது ஒரே ஓசைதான். "மேலே", "கீழே" இரண்டும் அப்படிப்பட்டவையே. அன்று முதல் எங்கள் குழுவில் "இழு" என்பதற்கு எதிர்ச்சொல் "தளர்த்து". ஏறுவதற்கு "உயர்கிறேன்" என்றும் இறங்குவதற்கு "ஆழம் போகிறேன்" என்றும் சொல்கிறோம். அசை எண்ணிக்கையே வேறுபடுவதால், பாதி சிதைந்து வந்தாலும் பிரித்தறிய முடிகிறது. கேட்டவர் அதே சொல்லைத் திருப்பிச் சொன்ன பிறகே செயலில் இறங்க வேண்டும் என்பதையும் விதியாக்கினோம்.

புதுத்துடுப்பு

கேட்கும்போது என் மூச்சின் ஓசையே மற்றவர் பேச்சை மறைக்கிறது. கொஞ்சம் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கலாமா?

குமிழி

கூடாது. அழுத்தக் காற்றை மூச்சாக இழுப்பவர் மூச்சை அடக்கியபடி சற்று மேலெழுந்தாலும் நுரையீரல் கிழியும் ஆபத்து உண்டு. மூச்சை இடைவெளிவிட்டு இழுக்கும் பழக்கமும் கரியமில வாயுவைத் தேக்கிவிடும். பேசுபவர்தான் உங்களுக்காக மாற வேண்டும்: மூச்சு இழுத்து முடித்த பிறகு பொத்தானை அழுத்தி, ஒரு கணம் பொறுத்து, நான்கைந்து சொற்களைச் சொல்லி, நிறுத்தி, மீண்டும் ஒருமுறை சொல்ல வேண்டும். உங்கள் மூச்சின் இடைவெளியில் இரண்டில் ஒன்றாவது விழும்.

ஏரியோரம்

வெளிவிடும் குமிழிகளும் ஒலியைத் தடுக்கும் அல்லவா? குமிழித் திரைக்குப் பின்னாலிருந்து பேசினால் குரல் வெட்டி வெட்டி வருவதைக் கவனித்திருக்கிறேன்.

உவர்நீர்

ஆம், தடுக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் பெரிய குமிழிகளைவிட நுண்குமிழிகளே கொடியவை. ஒவ்வொரு குமிழிக்கும் தன் அளவுக்கேற்ற இயல்பதிர்வு உண்டு. நீர்ப்பரப்பின் அருகே 32 கிலோஹெர்ட்ஸுக்கு ஒத்ததிர்வது 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி. 30 மீட்டர் ஆழத்தில் அந்த ஆரம் இரு மடங்காகும். அலை உடையும் இடங்களிலும் படகின் சுழலித் தடத்திலும் இத்தகைய நுண்குமிழிகள் பால்போலக் கலந்திருக்கும். அவை தம் உருவத்துக்குப் பொருந்தாத அளவு ஒலியை விழுங்கும்; மேலே ஏறி மறையவும் நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். எனவே படகு இப்போதுதான் கடந்துபோன தடத்தின் ஊடாகப் பேசாதீர்கள்.

இரைச்சலைப் பற்றியும் ஒரு சொல். வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில், பாறையோரம், எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போன்ற ஓசை ஓயாமல் கேட்டால் அது சொடுக்கும் இறால்களின் வேலை. அந்த ஓசை இடுக்கிகள் மோதுவதால் எழுவதன்று. இடுக்கி மூடும் வேகத்தில் உருவாகும் வெற்றிடக் குமிழி உடைவதால் எழுகிறது என்பது 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் தெளிவானது. அதன் ஆற்றல் 200 கிலோஹெர்ட்ஸ் வரை பரவியிருப்பதால் நம் 32 கிலோஹெர்ட்ஸும் அதற்குள் அடங்கிவிடுகிறது. வாட் உண்மையிலேயே உதவும் இடம் இதுதான்: எதிரொலி இல்லாத திறந்த நீரில், எதிரி இரைச்சல் மட்டும் என்றால், 10 டெசிபெல் கூடுதல் திறன் எட்டும் தொலைவை மும்மடங்கு அளவுக்கு நீட்டும்.

ஏரியோரம்

பேச்சை எண்ணிமமாக்கி அனுப்பினால் எதிரொலித் தொல்லை நீங்காதா? கைப்பேசிகளில் நீங்கியிருக்கிறதே.

அலைமுகம்

கோட்பாட்டளவில் எதிரொலிகளைக் கணித்து நீக்க முடியும், ஆய்வுகளும் நடக்கின்றன. ஆனால் நீருக்குள் தகவல் செல்லும் வாய்க்கால் மிகக் குறுகியது. 2017இல் நேட்டோ நீரடித் தொடர்புக்கெனத் தரப்படுத்திய ஜேனஸ் முறை, எந்தச் சூழலிலும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்காக வினாடிக்கு 80 பிட் அளவில்தான் செல்கிறது. நெருக்கிச் சுருக்கிய பேச்சுக்கே வழக்கமாக வினாடிக்கு 2,400 பிட் தேவைப்படும். வேகமான முறைகள் உண்டு. ஆனால் அவை முறியும்போது முற்றாக முறியும். ஒற்றைப் பக்கப்பட்டையில் சிதைந்து வரும் குரலிலிருந்து பழகிய காது எதையாவது பொறுக்கி எடுத்துவிடும். எழுத்துச் செய்திக்கு எண்ணிமம், குரலுக்கு ஒற்றைப் பக்கப்பட்டை என்பதே இப்போதைக்கு என் நிலைப்பாடு.

குமிழி

ஒரு சிறு குறிப்பு: ஹீலியம் கலந்த வாயுவில் மூழ்குபவர்களுக்கு இவையனைத்தும் பொருந்தும், கூடுதலாக, வாயுவில் ஒலியின் வேகம் உயர்வதால் தொண்டையின் ஒத்ததிர்வுகளும் உயர்ந்து, குரல் வாத்துக் கத்தல் போலாகும். அதைத் திருத்தத் தனிக் கருவி வேண்டும். இந்த இழை காற்றில் மூழ்குபவர்களைப் பற்றியது என்பதால் இத்துடன் விடுகிறேன்.

நெடுமூச்சு

உங்கள் அறிவுரைகளின்படி கடந்த வாரம் அதே தேக்கத்தில் ஒரு முழு நாளைச் சோதனைக்கே ஒதுக்கினோம். கேட்பவர் தன் பலகையில் எழுத வேண்டும் என்ற ஏற்பாட்டில், ஒன்று முதல் நூறு வரையான எண்களை வரிசை மாற்றிப் படித்தோம். எண்களில்கூட "ஆறு"ம் "நூறு"ம் குழம்பியதைக் கண்ட பிறகு, குமிழி அவர்கள் சொன்ன சொல்தேர்வின் பொருள் நன்கு விளங்கியது.

படகின் டிரான்ஸ்டியூசரைக் கீழே எடை கட்டி 12 மீட்டருக்கு இறக்கினோம். 18 மீட்டரில், அதே 130 மீட்டர் தொலைவில் இருந்தவர், அரை வாட்டிலேயே, பத்தில் ஒன்பது எண்களைச் சரியாகக் கேட்கச் செய்தார். ஆனால் 5 மீட்டரில் நின்ற இன்னொருவரின் குரல் இப்போது மங்கியது. வெதுநீரும் குளிர்நீரும் சந்திக்கும் அடுக்கு இருவழியிலும் தடுக்கிறது என்பதை நேரில் பார்த்தோம்.

சுவரை ஒட்டிய இடத்தில் முன்னேற்றம் குறைவு. இருவரும் சுவரிலிருந்து விலகி, 10 மீட்டருக்குள் நெருங்கி, இருவரின் டிரான்ஸ்டியூசரும் ஒன்றையொன்று பார்க்குமாறு திரும்பி, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் எதிரொலி அடங்கக் காத்துப் பேசியபோது பாதிக்கு மேல் புரிந்தது. பணிக்கு அது போதாது. 5 வாட் கருவியை ஒரு நண்பரிடமிருந்து இரவல் வாங்கி அதே இடத்தில் முயன்றோம். அலைமுகம் அவர்கள் எழுதியது அப்படியே நடந்தது. உரத்த குழப்பம் கிடைத்தது, அவ்வளவே.

ஆகவே புதிய கருவி வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டோம். சுவர்ப் பணிக்குக் கம்பி செல்லும் தொடர்புக் கயிற்றையும், திறந்த நீருக்கு இப்போதுள்ள கருவியையும் வைத்துக்கொள்கிறோம். ஒரே ஒரு ஐயம்: ஆழத்தில் ஒருவரும் மேலே ஒருவரும் இருக்கும் நாளில் டிரான்ஸ்டியூசரை எங்கே நிறுத்துவது?

உவர்நீர்

அடுக்கின் எல்லையிலேயே நிறுத்தி இருவரையும் பிடிக்க முயல வேண்டாம். அங்கே இருவருமே கெடுவார்கள். ஆழத்தில் இருப்பவரின் பக்கம் நிறுத்துங்கள். உதவி தாமதமாகச் சென்றடைவது அவருக்குத்தான். மேலே இருப்பவர் படகின் அருகிலேயே வேலை செய்யட்டும். அருகில் இருந்தால் ஒலி செங்குத்தாக இறங்கி அடுக்கை எளிதில் கடந்துவிடும்.

நெடுமூச்சு

புரிந்தது. டிரான்ஸ்டியூசர் தொங்கும் கயிற்றில் 4 மீட்டரிலும் 12 மீட்டரிலும் வண்ண நாடா சுற்றிவிட்டோம். ஒவ்வொரு முறையும் முதலில் இறங்குபவர் நீர் குளிரத் தொடங்கும் ஆழத்தைச் சொல்வார். படகில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, கயிற்றை அதற்கேற்ப இறக்கிக் கட்டுவார்.